முப்பத்தெட்டாம் நம்பர் கல்

போட்டோ எடுக்கியளா? எடுங்க, எடுங்க. கண்ணாடிய நல்லாத் தள்ளிட்டு எடுங்க, இல்லேன்னா உங்க கை நெழல்தான் விழும். எல்லாரும் எடுப்பாவ. நாகர்கோயில்ல பஸ் ஏறுற வெளியூர் ஆளுக ஆரல்வாய்மொழி தாண்டுனதும் போனத் தூக்கிருவாவ. எடுத்து முடிச்சதும் ஒரு கேள்வி வரும். என்ன அண்ணாச்சி, பாதிக் காத்தாடி சுத்தாம நிக்குதே, காத்து இல்லையான்னு.

நீங்களும் அதத்தான கேக்க வந்திய. மொகத்துலயே தெரியுது.

காத்து இல்லாம என்ன சார். இது ஆடி மாசம். இந்த ரோட்டுல பைக்குல போறவன் வண்டிய ஒரு பக்கமாச் சாச்சுப் புடிச்சுக்கிட்டுத்தான் போவான். துணி காயப் போட்டா அடுத்த ஊர்ல போயி எடுக்கணும். காத்துக்கு ஒரு கொறையும் கெடையாது. அது தானா நிக்கல, நிறுத்தி வச்சிருக்கோம். நிறுத்துறது யாருன்னு கேட்டா, நான்தான். அந்தா, ஓடைக்கு அந்தப் பக்கம் மூணு வரிசை தெரியுதுல்லா, அது எங்க பண்ணை. கோயம்புத்தூர் மில்லுக்காரங்க வச்சிருக்காவ. நாப்பத்தாறு காத்தாடி. அங்க நான் பத்தொன்பது வருசமா ஆப்பரேட்டர். பேரு ஆறுமுகநயினார். நயினார்னு கேட்டா இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கு லீவு போட்டுருக்கேன். எனக்குப் பதிலா கூட வேலை பாக்குற ஜெபசிங் நிறுத்தியிருப்பான்.

எப்படின்னா, சென்னையில ஒரு ஆபீஸ் இருக்கு. மாநிலம் பூராவும் எவ்வளவு கரண்டு வருது, எவ்வளவு செலவாகுதுன்னு உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாவ. வரவும் செலவும் ஒண்ணுபோல இருக்கணும், கூடுனாலும் தப்பு, கொறஞ்சாலும் தப்பு. அங்கேருந்து போன் வரும். வணக்கம் சொல்ல மாட்டாவ. "இருபது மெகாவாட் குறைங்க" அம்புட்டுத்தான். நான் ஒவ்வொண்ணா நிறுத்தணும். நல்லாச் சுத்திக்கிட்டு இருக்குற காத்தாடிய சும்மா நிறுத்துறதுன்னா எப்படி இருக்கும்னு நெனைக்கிய? பால் கறந்துக்கிட்டே இருக்கும்போது செம்ப எட்டி உதைக்கச் சொன்ன மாதிரி இருக்கும். மொத வருசமெல்லாம் நான் போன்ல சண்டையே போட்டிருக்கேன். காத்து என்ன உங்க வீட்டு டாங்குல கெடக்க தண்ணியா, மூடி வச்சுட்டு நாளைக்குத் தெறக்கேன்னு சொல்லதுக்கு, இப்ப விட்டா போச்சு சார்னேன். அந்தப் பக்கம் இருந்தவரு, "எனக்கும் தெரியும்ங்க, உங்க லைன் தாங்காது, குறைங்க"ன்னாரு.

லைன் தாங்காது. அதுதான் விசயம். எங்க பக்கத்துல இருந்து கரண்டை எடுத்துட்டுப் போறதுக்கு இருக்குறது ஒரே ஒரு பழைய லைன். பத்துப் பன்னெண்டு காத்தாடி இருந்த காலத்துல போட்டது. இப்ப சுத்துவட்டாரம் பூராவும் காத்தாடி. அம்புட்டுக் கரண்டையும் அதுல விட்டா கம்பி சூடாயித் தொங்கிரும். அதனால ஆடியில காத்து அடிக்க அடிக்க நாங்க நிறுத்திக்கிட்டே இருப்போம். இங்க நாங்க நிறுத்த, அங்க நெலக்கரிய எரிப்பாவ. இந்தக் கூத்த எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கியளா? பொகையில்ல, சாம்பலில்ல, சும்மா கெடைக்க காத்து. அத வேண்டாம்னுட்டு, கப்பல்ல வார கரிய எரிக்கோம். டிவியப் போட்டா கார்பனக் கொறைக்கணும், பூமி சூடாவுதுன்னு கோட்டு போட்டுக்கிட்டுப் பேசுதாவ. பூமி சூடாவுறது இருக்கட்டும், எங்க கம்பி சூடாவுதே, அத யாரு பாக்கது.

புது லைன் போடலையான்னு கேக்கியளா? போட்டாவளே. போடாம என்ன. அதப் பத்திப் பேசத்தான் நான் இன்னைக்குத் திருநெல்வேலி போறேன். தொழிலாளர் ஆபீசுல மனு குடுக்கப் போறேன். வார ஐப்பசியோட எங்க பண்ணைய மூடுதோம்னு சொல்லிட்டாவ. காத்தாடி எல்லாம் பழசு. இதக் கழட்டிட்டு அதே எடத்துல பெருசு வைக்கிறதாத்தான் பேச்சு. புது லைன் வந்தா வைப்போம், வரலேன்னா எதுக்கு இங்க கெடந்து மல்லுக்கட்டணும், வித்துட்டுப் போறோம்னு மொதலாளி சொல்லிட்டாரு. எனக்கும் ஜெபசிங்குக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் வேலை போச்சு. எனக்கு அம்பத்தி மூணு வயசு. இனிமே எவன் எனக்கு வேலை குடுப்பான்? லைன் போடாதது எங்க குத்தமா சார்? அதத்தான் மனுவுல எழுதியிருக்கேன். மின்பாதையை உரிய காலத்தில் அமைக்கத் தவறியவர்களின் அலட்சியத்தால்னு ஆரம்பிக்கும். கம்ப்யூட்டர் சென்டர்ல குடுத்து அடிச்சு வாங்குனேன்.

அந்தப் புது லைனுக்கு மொத்தம் அறுபத்தோரு டவர். பாத்தா அண்ணாந்துதான் பாக்கணும், அம்புட்டு ஒசரம். அறுபது நிக்கி. ஒண்ணு நிக்கல. ஒண்ணே ஒண்ணு. முப்பத்தெட்டாம் நம்பரு. முப்பத்தேழுக்கும் முப்பத்தொம்பதுக்கும் நடுவுல கம்பி இழுக்க முடியாம மூணு வருசமா அப்படியே கெடக்கு. அறுபது டவரும் வெறுங்கைய நீட்டிக்கிட்டு நிக்கி. ஒரு டவர் சார். ஒரு டவரு போட வக்கில்லாம ஒரு லைனே கெடக்குன்னா, இந்த நாடு உருப்படுமா?

அது யாரு நெலம்னு கேக்கிய.

எனக்கு ஒளிவுமறைவு கெடையாது. எங்க நெலம்தான். என் வீட்டுக்காரி செண்பகத்துக்கு அவ அம்மா எழுதிக் குடுத்தது. அறுபத்திரெண்டு சென்ட், ரோட்டு மேல. நீங்க ஒடனே ஒரு முடிவுக்கு வந்துராதிய. முழுசாக் கேளுங்க.

எனக்கு ஒரே மக. ஆவுடைன்னு எங்க அம்மா பேரு. கட்டிக் குடுத்து ஆறு வருசம் புள்ள இல்ல. அவ மாமியா வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டா, ஆனா ஊர்ல ஒரு வளைகாப்புன்னா இவளக் கூப்பிடாம மத்த மருமவள மட்டும் கூட்டிட்டுப் போவா. எங்க வீட்டுக்கு வந்தா ஆவுடை அடுப்படிய விட்டு வெளிய வரமாட்டா. நாகர்கோயில்ல ஒரு ஆஸ்பத்திரியில காட்டுனோம். வைத்தியம் இருக்கு, பாக்கலாம், ஆனா செலவாகும்னாவ. அந்த நெலத்த வித்துருவோம்னு நானும் செண்பகமும் முடிவு பண்ணுனோம். பிளாட்டுக்குக் கேட்டு ஆளும் வந்துட்டு. அந்த வாரந்தான் சர்வேக்காரன் வாரான், கருவியத் தோள்ல தூக்கிக்கிட்டு. கிருபாகரன்னு ஒரு பையன், விழுப்புரத்துப் பக்கம். நல்ல பையன். எங்க நெலத்துக்கு நட்ட நடுவுல ஒரு சிமெண்டுக் கல்ல நட்டான். செவப்பு பெயிண்டுல முப்பத்தெட்டுன்னு எழுதுனான்.

டவரு நிக்க நெலத்த எவன் சார் வாங்குவான்? தலைக்கு மேல கம்பி போற எடத்துல வீடு கட்ட முடியுமா? நஷ்டஈடு தருவாவதான், அது வார காலத்துக்கு என் மவளுக்கு நாப்பது வயசு ஆயிரும். கல்ல நாலு நெலம் தள்ளி நடக்கூடாதான்னு கேட்டேன். "அண்ணே, இது நேர்கோடு, ஒரு பக்கம் குளம், ஒரு பக்கம் வீடு, இதுதான் வழி. நீங்களே கரண்டு வேலை பாக்குறீங்க, உங்களுக்குத் தெரியாதா"ன்னான். தெரியும். எனக்குத் தெரியாதா? தெரிஞ்சதுனாலதான் வயிறு எரிஞ்சுது. நல்ல லைனு வேணும்னு பத்து வருசமா போன்ல கத்துனவன் நான். அது வந்து என் நெலத்துலதான் உக்காரணுமா? அறுபத்தோரு எடத்துல அறுபது எடம் அடுத்தவன் எடம், அந்த ஒண்ணும் அப்படியே போயிருந்தா என்ன?

எனக்குத் தெரிஞ்ச இன்னொரு சங்கதி என்னன்னா, லைன் போடுறவன் கோயில்ல கை வைக்க மாட்டான். கெணறு இருந்தா மூடுவான், மரம் இருந்தா வெட்டுவான். ஆனா ஒரு பீடம் இருந்தா, அது ரெண்டடி ஒசரம் இருந்தாலும் சரி, செருப்பக் கழட்டிட்டுத் தள்ளிப் போயிருவான். இந்தப் பக்கத்துல வயக்காட்டுல, ரோட்டோரத்துல நூறு மாடன் சாமி பீடம் இருக்கு. யாரு வச்சது, எப்ப வச்சதுன்னு எவனும் கேக்க மாட்டான். நூறோட நூத்தியொண்ணு.

ஒரு ஞாயித்துக்கெழம. சர்ச்சு முடிச்சு வந்த ஜெபசிங்கக் கூட்டிக்கிட்டேன். அவன் எனக்குத் தம்பி மாதிரி. எங்க பண்ணையில ஒரு பழைய கேபிள் ரூம இடிச்ச செங்கல் கெடந்துது, அத அவன் பைக்குல ரெண்டு நடை அடிச்சோம். "அண்ணாச்சி, இது சரியா"ன்னு கேட்டான். "உனக்கு என்னல, உன் சாமியா இது"ன்னேன். அந்தக் கல்ல சுத்தியே செங்கல அடுக்கி, மண்ணப் பெசஞ்சு அப்பி, மேல கூம்பா இழுத்து, சுண்ணாம்பு அடிச்சு, ஒரு செவப்புப் பட்டை இழுத்தேன். ஒரு மாலை. ஒரு சூடம். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுது. பழசு மாதிரித் தெரியட்டும்னு எண்ணெய ஊத்திப் பொகையக் காட்டுனேன். பாத்தா எனக்கே கும்பிடத் தோணுச்சு. உள்ள முப்பத்தெட்டாம் நம்பர் கல்லு அப்படியே இருக்கு, இன்னைக்கும் இருக்கு. செண்பகம் கேட்டதுக்கு, முள்ளுச்செடி மறைச்சுக் கெடந்துது, வெட்டுனதும் வெளிய தெரிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்.

கிருபாகரன் வந்து பாத்தான். என்னயப் பாத்தான். பீடத்தப் பாத்தான். கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டான். தகராறு உள்ள எடத்தக் கடைசிக்கு வச்சுக்கிட்டு மத்த டவரையெல்லாம் நட ஆரம்பிச்சாவ. அதுதான் அவுக வழக்கம். எனக்கு அதுவும் தெரியும்.

ஒரு வருசத்துல சலிச்சுப் போயி வேற வழி பாத்துருவாவ, அப்புறம் பீடத்த எடுத்துட்டு நெலத்த விப்போம், இதான் என் கணக்கு. இதுல என்ன சார் தப்பு? பெத்த மவளுக்குத்தான செஞ்சேன்.

ஊர்க்காரன் சும்மா இருந்தாத்தான. ரோட்டு மேல பீடமா, லாரிக்காரன் நிறுத்த ஆரம்பிச்சான். ஒருத்தன் எலுமிச்சம்பழம் வச்சான். காணாமப் போன ஆடு ஒருத்தனுக்குத் திரும்பி வந்துது, அவன் மணி வாங்கிக் கட்டுனான். ஆறே மாசம். அதுக்குப் பேரும் வச்சுட்டாவ, கல்மாடன்னு. எவன் வச்சான்னு தெரியாது. உள்ள கல்லு இருக்குன்னு எனக்கும் ஜெபசிங்குக்கும் கிருபாகரனுக்கும் தவிர ஒருத்தனுக்கும் தெரியாது, ஆனா பேரு மட்டும் கல்மாடன். எனக்கு ஒடம்பு சிலிர்த்துட்டு, உண்மையச் சொல்லுதேன்.

அதுக்கப்புறம் ஒரு வெள்ளிக்கெழம என் மச்சினன் குத்தாலிங்கத்துக்கு சாமி வந்துட்டு. செண்பகத்துக்குக் கூடப் பொறந்தவன். வேலைவெட்டி ஒண்ணும் கெடையாது, முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் எவனும் அவன மதிச்சது கெடையாது. இப்ப சாமியாடி. நானே, அவங்கூடப் பொறந்தவள கட்டுன நானே, கையக் கட்டிக்கிட்டு முன்னாடி நிக்கணும். கொடை குடுக்கணும், சாமிக்குத் திருவிழா எடுக்கணும்னான். ஊர் கூடி கொடை குடுத்தாவ. வில்லுப்பாட்டுக்கு ஆளக் கூட்டிட்டு வந்தா, அந்தப் பாட்டுக்கார அம்மா என்கிட்ட வந்து, "ஐயா, இந்தச் சாமி கதை என்ன, சொல்லுங்க, பாடணும்லா"ன்னு கேக்காவ. நெலத்துக்காரன்கிட்டதான கேப்பாவ. நான் என்னத்தச் சொல்ல? என் வீட்டுக்காரியோட பூட்டன் வண்டி கட்டிப் போகும்போது அந்த எடத்துல மாடு படுத்துட்டு, எந்திக்கல, தோண்டிப் பாத்தா ஒரு கல்லு, ரத்தம் வந்துச்சுன்னு ஏதோ வாய்க்கு வந்ததச் சொன்னேன். அவுக அத ரெண்டு மணி நேரம் பாடுனாவ. பூட்டனுக்கு ரெண்டு பொண்டாட்டின்னாவ. செண்பகம் அழுதா. "இம்புட்டு நாளும் எங்க அம்மா இத என்கிட்ட சொல்லலையே"ன்னு அழுதா.

சிரிக்கிய. சிரிங்க. எனக்கு அப்ப சிரிப்பு வரல.

ஏன்னா அந்தச் சமயத்துலதான் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னாரு, நயினார், லைன் வரலேன்னா பண்ணை இருக்காது, உங்க ஊர்க்காரங்க ஏதோ கோயில் பிரச்சனை பண்றாங்களாமே, கொஞ்சம் பேசுங்கன்னு. ஊர்க்காரங்களாம். நான் ஒடனே போயி எழுதிக் குடுத்தேன் சார். என் நெலத்துல டவர் போடச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். எந்த விவசாயி அப்படிக் குடுப்பான் சொல்லுங்க. வாங்கிப் பாத்துட்டு அந்த என்ஜினியரு, "சம்மதம் சரி, சாமிய எடுக்கணுமே"ன்னாரு. ஊர்ல கேட்டேன். குத்தாலிங்கம் ஒடனே ஆடிட்டான். "வந்த எடத்த விட்டு அசைய மாட்டேன், அசைச்சவன் வம்சம் தழைக்காது"ன்னு என் மூஞ்சிக்கு நேராச் சொல்லுதான். விளங்காத பய. அந்தச் சாமியப் பெசஞ்சதே நான், என்கிட்டயே சொல்லுதான்.

எனக்கு வந்த கோவத்துக்கு, நானே எடுத்துருவோம்னு கெளம்புனேன். போன வருசத்துக்கு முந்தின ஆடி. நட்ட நடு மத்தியானம், ஒரு குருவி கெடையாது. காத்து மட்டும் ஓன்னு அடிக்கி. கையில கடப்பாறை. செருப்பக் கழட்டல, வேணும்னே கழட்டல. பீடத்துக்கு அடியில கடப்பாறைய வச்சு ஒரு நெம்பு நெம்பியிருப்பேன். சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்துது. அப்பதான் பக்கத்துல இருந்த உடைமரத்தப் பாத்தேன். புள்ளை வரம் கேக்குறவ தொட்டில் கட்டுவால்லா, துணியக் கிழிச்சு சின்னச் சின்னதா. நாலஞ்சு கட்டியிருந்துது. காத்துல அது பாட்டுக்கு ஆடுது. அதுல ஒரு துணி நீலம், ஓரத்துல மாங்காக் கரை. அந்தச் சேலைய நான்தான் எடுத்துக் குடுத்தேன். ஆவுடை கல்யாணத்துக்கு மறுவீட்டுக்கு எடுத்தது.

என்கிட்ட சொல்லல. அவ அம்மாகிட்டயும் சொல்லல. பஸ் ஏறி வந்து, எங்க வீட்டுக்குக் கூட வராம, கட்டிட்டுப் போயிருக்கா.

கடப்பாறையத் தோள்ல வச்சுக்கிட்டு வந்துட்டேன். வேற என்ன செய்யச் சொல்லுதிய? உதிர்ந்த எடத்துக்கு மறுநா சுண்ணாம்பு வாங்கிப் பூசுனேன்.

வைத்தியத்துக்குப் போகல சார். நெலம் விக்கல, போகல. மறு வருசம் ஆனியில செண்பகம் வந்து சொல்லுதா, ஆவுடை குளிக்காம இருக்கான்னு. இந்த மாசி மாசம் பையன் பொறந்தான். டாக்டரம்மா சொன்னாவ, சில பேருக்கு லேட்டாகும், ஒடம்புல கோளாறு ஒண்ணும் இல்ல, மனசுல பயம் போனா கரு நின்னுரும்னு. எனக்கு அதுதான் சரின்னு படுது. மண்ணும் செங்கலும், நான் பெசஞ்சது, எனக்குத் தெரியாதா. ஆனா வெள்ளிக்கெழம போயி சூடம் கொளுத்திட்டுத்தான் டூட்டிக்குப் போறேன். எதுக்கு வம்பு.

இருங்க, கண்டக்டர் டிக்கெட் கேக்காவ. ம். நாங்குநேரி தாண்டிட்டு போல.

போன மாசம் தாலுகா ஆபீசுல விசாரணை. லைன் வேலைய இதுக்கு மேல இழுக்க முடியாது, ஒரு முடிவு பண்ணணும்னு மேல இருந்து உத்தரவு. விசாரிக்க வந்தது ஒரு அம்மா. நல்ல மாதிரி, ஒருத்தரையும் வெரட்டல. விசயம் என்னன்னா, கல்லு நடுறதுக்கு முந்தியே அங்க சாமி இருந்துச்சுன்னா லைன் சுத்தித்தான் போகணும். ரெண்டு பக்கமும் நட்ட டவரப் பிரிச்சு, வேற வழி அளந்து, கொளத்துக்கு உத்தரவு வாங்கி, அதெல்லாம் நாலஞ்சு வருசத்துக்கு முடியாது. கல்லு நட்ட பொறவு வச்ச பீடம்னா எடுத்துரலாம், போலீச வச்சு ஒரு மணி நேர வேலை. அவ்வளவுதான் கேள்வி. ஊர்க்காரன் அம்புட்டுப் பேரும் ஆதிகாலத்துச் சாமின்னான். குத்தாலிங்கம் வில்லுப்பாட்டு கேசட்ட ஆதாரம்னு குடுத்தான். அந்த அம்மா எல்லாத்தையும் எழுதிக்கிட்டு, கடைசியில என்னயக் கூப்பிட்டாவ.

"நீங்க மின்சார வேலை பாக்குறவர். இந்த லைன் எதுக்குன்னு இங்க இருக்குற எல்லாரையும் விட உங்களுக்குத்தான் தெரியும். நெலமும் உங்களோடது. மத்தவங்க சொன்னத நான் நம்பணும்னு இல்ல. நீங்க சொல்றத எழுதிக்கிறேன். கல் நடும்போது அங்க சாமி இருந்துச்சா?"

ரூம் நெறைய ஆளு. கிருபாகரன் ஒரு ஓரத்துல நிக்கான், ரிஜிஸ்தரப் புடிச்சுக்கிட்டு. அதுல கல்லு நட்ட தேதிதான் இருக்கு, சாமியப் பத்தி ஒரு எழுத்து இல்ல. கதவுகிட்ட ஜெபசிங் நிக்கான். அவனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக, மூத்தது பன்னெண்டாவது படிக்கி. நான் உண்மையச் சொல்லணும்னுதான் போனேன். சத்தியமாச் சொல்லணும்னுதான் போனேன். காலையில கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிக்கூடப் பாத்தேன். அம்மா, அது நான் வச்சது, மன்னிச்சிருங்கன்னு. ரெண்டே வரி.

ஆவுடை வந்திருந்தா. அவள யாரு வரச் சொன்னா? சாமிக்கு விசாரணைன்னா நான் வராம இருப்பனான்னு புள்ளயத் தூக்கிக்கிட்டு வந்துட்டா. புழுக்கமா இருக்குன்னு அந்த ரூமுக்கு வெளிய என் கையில குடுத்தா, நான் தூக்கிக்கிட்டே உள்ள போயிட்டேன். நாலு மாசப் புள்ள. கல்மாடன் பேரத்தான் வச்சிருக்கா. என் தோள்ல வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குதான். எச்சி வடிஞ்சு சட்டை ஈரமா இருக்கு. நான் ஆவுடையப் பாத்தேன். அவ கையக் கூப்பிக்கிட்டு நிக்கா. என்னயப் பாத்துக் கும்பிடல, நான் சொல்லப்போற பதிலப் பாத்துக் கும்பிடுதா.

இருந்துதும்மான்னேன். எங்க பெரியவங்க காலத்துல இருந்தே இருக்குன்னேன்.

அந்த அம்மா எழுதிக்கிட்டாவ.

கேளுங்க, எனக்கு என்ன கோவம்னா, ஜெபசிங் மேலதான் கோவம். அவனுக்குத் தெரியும்லா. செங்கல் சொமந்தவன் அவன். அவன் வாயத் தொறந்து, அம்மா, இவரு பொய் சொல்லுதாரு, நானும் கூட இருந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். நானா சொன்னதா ஆகாது. ஆவுடை என்னயக் குத்தம் சொல்ல முடியாது. எல்லாரு பொழைப்பும் நின்னிருக்கும். சொல்லல. கல்லு மாதிரி நின்னான். வெளிய வந்து ஏம்ல சொல்லலன்னு கேக்கேன், "உங்க பேரனத் தூக்கிக்கிட்டு நின்னிய அண்ணாச்சி"ங்கான். அன்னைக்கோட பேச்ச நிறுத்திட்டான். இந்த மனுவுல நாலு பேரு கையெழுத்து வேணும், மூணுதான் இருக்கு. அவன் போட மாட்டேன்னுட்டான். பத்தொன்பது வருசம் தம்பி தம்பின்னு வச்சிருந்தேன், ஒரு கையெழுத்து போட மாட்டேங்கான். மனுசங்க அவ்வளவுதான் சார்.

அதுக்காக நான் விட்டுருவேனா? கேக்க வேண்டிய எடத்துல கேப்பேன். ஒரு டவருக்காக ஒரு லைன மூணு வருசம் போட்டு வச்சிருக்கியளே, உங்களுக்கு ஒரு பொறுப்பு இல்லையா, நாலு குடும்பம் தெருவுல நிக்குதே, அதுக்கு யாரு பதில் சொல்லதுன்னு கேப்பேன். மனுவப் பாருங்க, நல்லா வந்திருக்கு. உங்களுக்குப் படிச்ச ஆளு மாதிரி தெரியுது, எழுத்துப் பிழை எதுவும் இருந்தா சொல்லுங்க. மூணாவது வரியப் படிங்க. மேற்படி காலதாமதத்துக்குக் காரணமானவர்கள் மீது உரிய நடவடிக்கை எடுத்துன்னு இருக்கா? அது சரியா இருக்கா?

என்ன, படிக்காம என்னயவே பாக்கிய?

சும்மா சொல்லுங்க. நீங்க இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பிய? தோள்ல புள்ள தூங்குது, எதுத்தாப்ல மவ கும்பிட்டுக்கிட்டு நிக்கா, ஆறு வருசம் அடுப்படிய விட்டு வெளிய வராத புள்ள அது. எந்த வாயால நீங்க சொல்லுவிய?

சரி, விடுங்க. எழுதி முடிச்சுட்டு அந்த அம்மாவும் இப்படித்தான் ஒரு நிமிசம் என்னயப் பாத்தாவ. பாத்துட்டு, "புள்ளைக்கு வேர்க்குது, வெளிய கொண்டு போங்க. உள்ள ஃபேன் ஓடல, காலையில இருந்து கரண்டு இல்ல"ன்னாவ.